குருவின் பாதையில்

வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர 11.86 ஆண்டு. ஆண்டுதோறும் குருப்பெயர்ச்சி வருவது அதனால்தான். குரு சிம்மத்தில் இருக்கும் மாசி மகத்தன்று கும்பகோணத்தில் மகாமகம் கூடுவதும் அந்தக் கணக்கில்தான். தலைமுறை தலைமுறையாக நாம் அந்தக் கோளை ஆசானாகவே பார்த்து வந்திருக்கிறோம். தேவர்களுக்குப் பாடம் சொன்ன பிருகஸ்பதி என்கிறோம். மஞ்சள் வஸ்திரம் சாத்தி, கொண்டைக்கடலை மாலை போட்டு வணங்குகிறோம்.

வானத்தில் அவரைக் கண்டுகொள்வது எளிது. வெள்ளி மறைந்த பிறகு, நட்சத்திரம்போல் மினுக்காமல் ஒரே சீராக ஒளிரும் பெரிய புள்ளி பெரும்பாலும் குருதான். கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடாமல் இன்னும் சிறிது நேரம் நிற்பது எனக்கு வழக்கம். குரு நிற்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டு போய், மூன்றாம் ராசியைப் பார்ப்பேன். பிறகு பதினொன்றாம் ராசியையும் தேடிப் பார்ப்பேன். ஒன்று குருவுக்கு முன்னால் 60 பாகை, மற்றொன்று பின்னால் 60 பாகை. வெறுங்கண்ணுக்கு அங்கே குரு சம்பந்தப்பட்ட எதுவும் தெரியாது. சோதிடமும் அந்த இரண்டு இடங்களைப் பெரிதாகச் சொல்வதில்லை. குருவின் பார்வை 5, 7, 9 என்ற இடங்களில்தான் விழும் என்பார்கள். குரு பார்க்கக் கோடி நன்மை என்ற சொல்லும் அந்த இடங்களுக்குத்தான். 3க்கும் 11க்கும் பார்வை இல்லை.

ஆனால் குருவின் துணைவர்கள் இருப்பது அங்கேதான். அவருடைய அதே பாதையில், அவர் எடுத்துக்கொள்ளும் அதே ஆண்டுக் கணக்கில் சூரியனைச் சுற்றுகிற சிறுகோள்கள், முன்னால் ஒரு கூட்டமும் பின்னால் ஒரு கூட்டமுமாக இருக்கின்றன. இதுவரை பதிவானவை மட்டும் 10,000க்கும் மேல். விஞ்ஞானிகள் அவற்றை ட்ரோஜன் சிறுகோள்கள் என்கிறார்கள். தம்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவையே திருப்பி அனுப்பும் கருமையான, சற்றே செம்மை ஓடிய கற்கள் அவை. நம் முன்னோர் கண்ணில் அவை படவேயில்லை.

கண்ணால் காண்பதற்கு முன்பே அவற்றின் இடத்தை ஒருவர் கணக்கில் கண்டுவிட்டார். லக்ராஞ்ச் என்ற கணிதர், இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர், 1772இல் மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுதினார். இரண்டு பொருள் என்றால் நியூட்டன் தீர்த்துவைத்த கணக்கு. மூன்றாவது வந்து சேர்ந்ததும் கணக்கு கையை மீறிப் போய்விடுகிறது; பொதுவான எளிய விடை அதற்கு இல்லை. அந்தச் சிக்கலுக்கு நடுவே சில அமைதியான விதிவிலக்குகள் தென்பட்டன. மூன்று பொருள்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் நின்றால், அந்த முக்கோணம் குலையாமலே அவை சுற்றிக்கொண்டிருக்கலாம். லக்ராஞ்சுக்கு இது கணிதத்தின் அழகுக்காக எழுதிவைத்த ஒரு விடைதான். உண்மையான வானில் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1813இல் அவர் காலமானார்.

1906 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் மாக்ஸ் வோல்ஃப் எடுத்த ஒளிப்படத்தில் புதிய சிறுகோள் ஒன்று பதிந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது அது வியாழனின் பாதையில், வியாழனுக்கு 60 பாகை அளவு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சூரியன், வியாழன், இந்தக் கல் மூன்றையும் கோட்டால் இணைத்தால் சமபக்க முக்கோணம். 134 ஆண்டு ஏட்டில் மட்டுமே இருந்த விடைக்கு ஓர் உடல் கிடைத்துவிட்டது. அக்கிலீஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

சமபக்கம் என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர். அப்படியென்றால் அந்தத் துணைவர்களுக்கும் வியாழனுக்கும் இடையே உள்ள தூரமும் அவ்வளவுதான். சூரியனிடமிருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு தள்ளியே அவை குருவிடமிருந்தும் நிற்கின்றன. பெரியவரின் அருகில் போய் நிற்கத்தான் நம் மனம் துடிக்கிறது. முதல் வரிசை வேண்டும், அவர் கண்ணில் பட வேண்டும், பெயர் சொல்லி அழைக்க வேண்டும். வியாழனை நெருங்கிப் போனவற்றின் கதை வேறு. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்விண்மீன் துண்டு துண்டாக அதன்மேல் விழுந்து எரிந்ததை உலகமே பார்த்தது. நெருங்கி வந்த வேறு பல, சூரியக் குடும்பத்தை விட்டே வீசப்பட்டன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதே பாதையில் நிலைத்திருப்பவை, பார்வை படாத இடத்தில், அவ்வளவு தூரத்தில் நிற்கும் இவைதான்.

நிற்கும் என்று எழுதிவிட்டேன். உண்மையில் எதுவும் நிற்கவில்லை. வியாழன் நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவையும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடுகின்றன. சேர்ந்து ஓடுவதால் இடம் மாறாததுபோல் தெரிகிறது, அவ்வளவே. அதற்கும் உள்ளே இன்னொரு அசைவு இருக்கிறது. என்னைப் பல இரவுகள் வாசலில் நிறுத்திவைத்தது அந்த அசைவுதான்.

லக்ராஞ்ச் கண்ட அந்தப் புள்ளியை ஒரு பள்ளம் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. பள்ளத்தில் விழுந்த உருண்டை அடியில் தங்குவதுபோல், கற்கள் அங்கே போய்த் தங்கிவிட்டன என்று தோன்றும். கணிதம் சொல்வது நேர்மாறு. சூரியனோடும் வியாழனோடும் நாமும் சேர்ந்து சுழன்றபடி பார்த்தால், அந்தப் புள்ளி ஒரு மேட்டின் உச்சி. உச்சியில் வைத்தது எதுவும் நழுவத்தான் வேண்டும். நழுவவும் செய்கிறது. ஆனால் எல்லாமே சுழன்றுகொண்டிருக்கும் அந்த இடத்தில், நழுவுகிற பொருளின் வழி நேராக இருப்பதில்லை, பக்கவாட்டில் வளைகிறது. வளைந்து வளைந்து, விலகிப் போன கல் உச்சியைச் சுற்றி வரத் தொடங்கிவிடுகிறது. இறங்கி ஓடிவிட வேண்டியது வலம் வருகிறது. அசையாமல் இருந்திருந்தால் அது என்றோ விழுந்திருக்கும். அதைக் காப்பாற்றுவது அதன் அசைவு.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். முன்னால் போகும் கூட்டத்தில் ஒரு கல் சற்றுப் பின்தங்கி வியாழனை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழன் அதைப் பின்னுக்கு இழுக்கும். இழுக்கப்பட்டால் வேகம் குறைய வேண்டும், குறைந்தால் இன்னும் பின்தங்க வேண்டும் என்று நினைப்போம். ஆனால் வேகம் இழந்த கல் சூரியனை நோக்கிச் சற்று உள்ளே இறங்குகிறது. உள்ளே இறங்கினால் சுற்றுப்பாதை சிறிது. சிறிய பாதையில் சுற்று விரைவில் முடிகிறது. எனவே அந்தக் கல் மெல்ல மெல்ல வியாழனை விட்டு முன்னேறிப் போய்விடுகிறது. பின்னுக்கு இழுத்ததனாலேயே முன்னுக்குப் போகிறது. வாழ்க்கையில் நம்மைப் பின்னுக்கு இழுத்தவை என்று நாம் எண்ணிப் புலம்புகிற எத்தனையோ காரியங்களை, இதைப் படித்த பிறகு நான் வேறு விதமாகத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 150 ஆண்டு ஆகும். வியாழன் பன்னிரண்டு பதின்மூன்று தடவை சூரியனைச் சுற்றிவரும் காலம். அக்கிலீஸ் 1906இல் கண்ணில் பட்டதிலிருந்து இன்றுவரை ஒரு முழு ஊசலைக்கூட முடிக்கவில்லை. அதைக் கண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களின் மாணவர்கள் போய்விட்டார்கள். அது இன்னும் தன் முதல் திரும்பலின் நடுவில்தான் இருக்கிறது.

கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்த எவருக்கும் மனம் ஓரிடத்தில் நிற்காது என்பது தெரியும். மந்திரத்தை நான்கு முறை சொல்வதற்குள் அது எங்கோ போய்விடும். இப்படிப் போவதைத் தோல்வி என்று எண்ணி, உட்காருவதையே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. ஆனால் இந்தக் கற்களுள் ஒன்றுகூட அந்தப் புள்ளியில் அசையாமல் இருப்பதில்லை. நடுப்புள்ளி காலியாகவே இருக்கிறது. சில கற்கள் அதைவிட்டுச் சிறிதளவே விலகுகின்றன. சில வெகுதூரம் போகின்றன. சிலவற்றின் பாதை சாய்ந்து கிடப்பதால் மேலேயும் கீழேயும் ஏறி இறங்குகின்றன. குறைவாக அலைவதும் நிறைய அலைவதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: போன மனம் எதைச் சுற்றிப் போகிறது? நடுவில் ஒன்று இருந்து, அதைச் சுற்றியே அலைகிறது என்றால் அந்த அலைச்சலும் வழிபாட்டில் சேர்ந்ததுதான். தியானத்துக்கு இதைவிடப் பெரிய ஆறுதலை நான் எங்கும் பெறவில்லை.

இந்த நிலைப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. 1843இல் காஷோ என்ற பிரெஞ்சுக் கணிதர் அதைக் கண்டறிந்தார். முக்கோணத்தின் இரண்டு பெரிய முனைகளில் ஒன்று மற்றொன்றைவிட ஏறத்தாழ 25 மடங்குக்கு மேல் எடை மிக்கதாக இருக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் மூன்றாவது சிறியதற்கு அங்கே நிலைத்த இடம் கிடையாது. மெல்லிய ஒரு தள்ளல் போதும், வெளியே எறியப்படும்.

வியாழன் எவ்வளவு பெரியது! மற்ற எல்லாக் கோள்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தராசில் வைத்தாலும் அதன் எடையில் பாதி வராது. அப்படிப்பட்ட வியாழனும் சூரியனின் எடையில் 1,047இல் ஒரு பங்குதான். தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஒன்றைத் தானும் சுற்றிக்கொண்டிருப்பதால்தான், தன் பாதையில் வரும் சிறியவர்களுக்கு அதனால் இடம் தர முடிகிறது. வியாழன் மட்டும் வளர்ந்து வளர்ந்து சூரியனில் இருபதில் ஒரு பங்காகிவிட்டால், அந்தப் பத்தாயிரம் துணைவர்களும் சிதறிப் போவார்கள்.

குரு என்ற பெயரை அந்தக் கோளுக்கு வைத்த நம் முன்னோருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. இருந்தாலும், குருவிடம் எப்போது நிலைத்திருக்கலாம் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவாக நான் என்ன சொல்ல முடியும்? தான் எதைச் சுற்றுகிறோம் என்பது அந்த ஆசானுக்கு மறக்காமல் இருக்கும்வரை நிலைத்திருக்கலாம். தானே இறைவனுக்கு நிகர் என்று ஓர் ஆசான் எண்ணத் தொடங்கியதும், அவரை நம்பி வந்தவர்களின் காலடி ஆடத் தொடங்குகிறது. குடும்பத்தையும் சொத்தையும் விட்டு ஆசிரமங்களுக்குப் போய், சில ஆண்டுகளில் உடைந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பக்தியில் குறை எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் ஆசானுக்கும் ஆண்டவனுக்கும் இடையே இருக்க வேண்டிய அந்தப் பெரிய வித்தியாசம் அழிக்கப்பட்டிருந்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்லாசிரியர்கள் எல்லாரும், வணங்கப் போனால் தங்களைத் தாண்டி இன்னொரு பக்கம் கை காட்டியவர்கள்.

அக்கிலீஸ் கிடைத்த அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக, அதே ஹைடெல்பெர்க்கில் ஆகஸ்ட் கோப்ஃப் மேலும் இரண்டை, இன்றைய பட்ரோக்ளஸையும் ஹெக்டரையும், கண்டுபிடித்தார். இவற்றுக்கு ட்ராய் போர் வீரர்களின் பெயர்களை வைக்கலாம் என்று சொன்னவர் வியன்னாவின் யோஹான் பலிசா. இலியட் காவியத்தில் ட்ராய் இளவரசன் ஹெக்டர், கிரேக்க வீரன் அக்கிலீஸின் உயிர் நண்பன் பட்ரோக்ளஸைக் கொல்கிறான். நண்பனை இழந்த அக்கிலீஸ் ஹெக்டரைக் கொல்கிறான். பின்னாளில், முன்னால் போகும் கூட்டத்துக்குக் கிரேக்க வீரர்களின் பெயர், பின்னால் வரும் கூட்டத்துக்கு ட்ராய் வீரர்களின் பெயர் என்று ஒழுங்கு ஏற்பட்டது. அதற்குள் முதலில் பெயர் பெற்றவர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். ஹெக்டர் கிரேக்கர் பாளையத்தில் இருக்கிறான். பட்ரோக்ளஸ் ட்ராய் பாளையத்தில். யாரும் அதை மாற்றவில்லை.

ஆகவே கொன்றவனும் கொல்லப்பட்டவனுமான அக்கிலீஸும் ஹெக்டரும் ஒரே புள்ளியைச் சுற்றி ஊசலாடுகிறார்கள். பட்ரோக்ளஸ் தன்னைக் கொன்றவனின் மக்களிடையே விருந்தாளியாக இருக்கிறான். அங்கேயும் அவன் தனியாக இல்லை. 2001இல் உற்றுப் பார்த்தபோது பட்ரோக்ளஸ் ஒரு கல் இல்லை, இரண்டு என்று தெரிந்தது. கிட்டத்தட்ட ஒரே பருமன், இரண்டுமே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாவதற்கு மெனோட்டியஸ் என்று பெயர் வைத்தார்கள். கதையில் பட்ரோக்ளஸின் தந்தை. போரிலிருந்து திரும்பி வராத மகனும், ஊரில் அவனுக்காகக் காத்திருந்த தந்தையும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இடைவெளியில், நான்கு நாளுக்குச் சற்று மேலான காலத்தில் ஒருவரையொருவர் சுற்றிவருகிறார்கள். சுற்றும் காலமும் தன்னைத்தானே சுழலும் காலமும் ஒன்றாகிவிட்டதால், எப்போதும் ஒருவர் முகம் ஒருவருக்கு எதிரே. மனிதர் வைத்த பெயர்கள்தான், கல்லுக்குத் தந்தையும் இல்லை மகனும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பகையை மறக்க முடியாத நாம், வானத்துக்குப் பெயர் வைக்கும்போதாவது அந்தத் தந்தையையும் மகனையும் சேர்த்துவைத்தோமே என்று இருக்கிறது.

இவை எல்லாம் அங்கேயே பிறந்தவை என்று சொல்ல முடியாது. 400 கோடி ஆண்டுகளுக்கும் முன், பெரிய கோள்கள் தங்கள் இடங்களை மாற்றிக்கொண்ட ஒரு கொந்தளிப்பான காலத்தில், தொலைவில் இருந்து சிதறி வந்த கற்கள் இங்கே அகப்பட்டுக்கொண்டன என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். புயலில் ஒதுங்க வந்தவர்கள் குடியிருப்பவர்களாகிவிட்டார்கள். சிலர் இன்றைக்கும் மெல்ல நழுவி வெளியேறுவதும் உண்டு.

இதே பாதையில் எல்லாருக்கும் எதிராகச் செல்லும் ஒன்றும் இருக்கிறது. 2014இன் இறுதியில் ஹவாய்த் தீவுகளின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் முதலில் பட்டது. இப்போது அதற்கு காஎபாஓகாஆவெலா என்ற ஹவாய் மொழிப் பெயர். மூன்று கிலோமீட்டர் அளவுள்ள கல். கோள்கள் எல்லாம் ஒரு திசையில் சுற்ற, இது மறு திசையில் சுற்றுகிறது. அதுவும் வியாழன் சுற்றும் அதே காலத்தில். எதிரெதிரே போவதால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வியாழனைச் சந்திக்கிறது. மோதி அழிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒருமுறை வியாழனுக்கு உட்புறமாகவும் மறுமுறை வெளிப்புறமாகவும் கடந்து போகிறது. முதல் சந்திப்பில் வாங்கிய இழுப்பை அடுத்த சந்திப்பின் இழுப்பு சரிசெய்துவிடுகிறது. 2017இல் வெளியான ஆய்வு, குறைந்தது பத்து லட்சம் ஆண்டுகளாக இப்படியே போய்க்கொண்டிருக்கிறது என்கிறது.

என் பெரியப்பா சாமி இல்லை என்று சொல்பவர். தேரோட்டத்தன்று ஒருமுறைகூட வடத்தைத் தொட்டதில்லை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் ஆண்டுதோறும் அவர்தான். அன்று மாலை தாத்தாவோடு அதே வாக்குவாதம் நடக்கும். மறு ஆண்டும் தவறாமல் வந்து நிற்பார். ஊரில் பலர் அவரைச் சேர்த்தி இல்லாதவர் என்றார்கள். தாத்தா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் வராத ஆண்டில் தேர் எப்படி நகரும் என்று கேட்பார். எதிர்த் திசையில் போகிறவரும் அதே பாதையில்தான் இருக்கிறார் என்பது தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கூட்டங்களை அருகில் போய்ப் பார்க்க 2021 அக்டோபர் 16 அன்று லூசி என்ற விண்கலத்தை நாசா அனுப்பியது. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த நம் தொல் மூதாதையின் எலும்புக்கூட்டுக்கு வைத்த பெயர் அது. மனிதக் குலத்தின் ஆதியைச் சொன்ன எலும்பின் பெயரைச் சூரியக் குடும்பத்தின் ஆதியைத் தேடும் கலத்துக்கு வைத்தார்கள். 2027 ஆகஸ்டில் அது முன்னால் போகும் கூட்டத்துக்குள் நுழைந்து யூரிபேட்டஸ் என்ற சிறுகோளைக் கடக்கும். பிறகு 2028 நவம்பருக்குள் பாலிமெலே, லூக்கஸ், ஓரஸ். அடுத்த மகாமகம் வருவதும் 2028இல்தான். குரு சிம்மத்தில் இருக்க, கும்பகோணத்துக் குளத்தில் மக்கள் தலை முழுகும் ஆண்டில், சிம்மத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதான துலாம் பக்கம் லூசி போய்க்கொண்டிருக்கும். அந்த மாசி மகத்துக்கு நான் கும்பகோணம் போக நினைத்திருக்கிறேன். குளித்துக் கரையேறியதும் இருட்டும்வரை அங்கேயே இருந்து, குருவைக் கண்டு, அங்கிருந்து இரண்டு ராசி எண்ணிப் பார்க்க வேண்டும்.

லூசி அதன் பிறகு பூமிக்கு அருகே வந்து, மீண்டும் எறியப்பட்டு, 2033 மார்ச்சில் பின்னால் வரும் கூட்டத்துக்குப் போகும். அங்கே அதற்கு ஒரே வேலை, பட்ரோக்ளஸையும் மெனோட்டியஸையும் பார்ப்பது. அந்தப் படங்களில் பனி இருக்கிறதா, கார்பன் எவ்வளவு என்றெல்லாம் விஞ்ஞானிகள் தேடுவார்கள், தேட வேண்டும். நான் தேடப்போவது வேறு. எத்தனையோ கோடி ஆண்டுகளாக ஒருவரையொருவர் பார்த்தபடியே இருக்கும் அந்த இரண்டு முகங்களிலும் உள்ள குழிகளும் தழும்புகளும், வெளிப்புறத்தில் உள்ளவற்றைவிடக் குறைவாக இருக்குமா, கூடுதலாக இருக்குமா?